வேற்றுலக உயிரைத் தேடுவது அறிவியலா? ஓராண்டுப் பாடத்துக்கு நான்கு வழிகளை நிறுத்துப் பார்த்தபோது

நாகர்கோவிலில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் மாணவர் அறிவியல் வட்டம் ஆண்டுக்கு ஒரு பொருளை மட்டுமே எடுத்துக்கொள்ளும். வாரத்தில் ஒரு மாலை வகுப்பு, விடுமுறையில் வெளியே ஆய்வுப் பயணம், ஆண்டு முடிவில் பிள்ளைகளே எழுதும் அறிக்கை என்பது வழக்கம். இந்த முறை அவர்கள் ஒரே குரலில் கேட்டது, பூமிக்கு வெளியே உயிர் உண்டா என்ற கேள்வியை. கேட்டதில் வியப்பில்லை. இஸ்ரோவின் தலைவராக இருந்த கே. சிவன் சரக்கல்விளைக்காரர்; 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்த வி. நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். 1963-இல் இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா, பஸ் ஏறினால் அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கிறது. குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு விண்வெளி என்பது பக்கத்து ஊர்ச் செய்தி மாதிரிதான்.

ஆனால் எங்களோடு இருக்கும் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் தலையசைக்கவில்லை. "மக்களே, தவளையைப் பற்றிப் படிக்க வேண்டுமானால் வயலுக்குப் போனால் தவளை இருக்கும். நீங்கள் படிக்கப் போகும் உயிர் எங்கே இருக்கிறது? பொருளைக் காட்டிவிட்டு அறிவியல் என்று சொல்லுங்கள்" என்றார். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. புகழ்பெற்ற தொல்லுயிரியலாளர் ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன் 1964-லேயே இதே எதிர்ப்பைச் சொன்னார்: தான் ஆராயும் பொருள் இருக்கிறது என்பதையே இன்னும் நிறுவாத துறை இது என்று.

அதே 1964-இல்தான் இன்று ஹிக்ஸ் துகள் என்று அழைக்கப்படும் ஒன்று இருக்க வேண்டும் என்று இயற்பியலாளர்கள் எழுதினார்கள். அது ஜெனீவா அருகே சிக்கியது 2012-இல். இடைப்பட்ட 48 ஆண்டுகள் காணாத பொருளைத் தேடியவர்களை யாரும் அறிவியலுக்குப் புறம்பானவர்கள் என்று ஒதுக்கவில்லை. நான் இதைச் சொன்னதும் ஆசிரியர் விடாமல் அடுத்த கேள்வியைப் போட்டார்: "அவர்களிடம் எங்கே தேட வேண்டும், எப்படித் தெரியும் என்று சொல்லும் கோட்பாடு இருந்தது. உங்களிடம் இருக்கிறதா சார்?" அது சரியான கேள்வி. உயிரற்ற வேதிப்பொருளிலிருந்து உயிர் தோன்ற எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் கோட்பாடு இன்று யாரிடமும் இல்லை. நம்மோடு தொடர்புகொள்ளக்கூடிய நாகரிகங்கள் பால்வெளியில் எத்தனை இருக்கும் என்று மதிப்பிட வானியலாளர் ஃபிராங்க் டிரேக் 1961-இல் எழுதிய சமன்பாட்டில் அந்த இடம் இன்னும் வெற்றிடம்தான். அதனால் பொருள் கிடைத்ததா என்று பார்த்து இந்தத் துறையை அளக்க முடியாது. தேடும் முறையைப் பார்த்துத்தான் அளக்க வேண்டும். நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: தேடுகிறவர், எது வந்தால் தன் கூற்றைக் கைவிடுவார் என்று முன்கூட்டியே சொல்கிறாரா? 'இல்லை' என்ற விடை வந்தாலும் அதிலிருந்து நாம் எதையாவது கற்கிறோமா? இத்துடன் எங்களுக்கு மட்டும் வேண்டிய மூன்றாவது ஒன்று: எங்கள் பிள்ளைகள் கையால் செய்து பார்க்க அதில் ஏதாவது இருக்கிறதா?

நான்கு வழிகளுக்குப் போகும் முன், இந்த அளவுகோலை நமக்கு மிக அருகில் நடந்த ஒன்றில் வைத்துப் பார்த்தேன். 2001 ஜூலை 25 முதல் கேரளத்தில் கோட்டயம், இடுக்கிப் பக்கம் சிவப்பு மழை பெய்தது. துணியில் கறை படிந்தது. திருவனந்தபுரத்துப் புவி அறிவியல் ஆய்வு மையமும் பாலோட்டுத் தாவரவியல் பூங்காவும் சேர்ந்து மாதிரியை ஆராய்ந்து, அந்த ஆண்டு நவம்பரிலேயே அறிக்கை தந்தன: நீரில் இருந்தவை டிரென்டிபோலியா என்னும் பாசியின் வித்துகள். பூஞ்சையோடு சேர்ந்து வாழ்ந்து, மரப்பட்டையில் படரும் லைக்கனை உருவாக்கும் பாசிவகை அது. இதற்குப் பிறகுதான் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காட்ஃப்ரே லூயிஸும் சந்தோஷ்குமாரும் 2006-இல் ஒரு வானியல் ஆய்விதழில் வேறு விளக்கத்தை வைத்தார்கள். அந்தச் செல்களில் மரபணுப் பொருள் இல்லை, வால்மீன் ஒன்றிலிருந்து வந்த உயிராக இருக்கலாம் என்றார்கள். உலகம் முழுக்கச் செய்தி பரவியது.

அந்தக் கட்டுரை தப்பாக இருக்கலாம். ஆனாலும் அது அறிவியலின் களத்துக்குள் வந்து நின்றது என்றே நான் கருதுகிறேன். 'மரபணுப் பொருள் இல்லை' என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. பிற்காலத்தில் மரபணு வரிசையை எடுத்துப் பார்த்தவர்கள் டிரென்டிபோலியாவைத்தான் கண்டார்கள். கூற்று விழுந்தது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர்த் தோட்டங்களில் நடக்கும்போது மரப்பட்டையில் லைக்கன் படர்ந்திருப்பதைப் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கிறார்கள். மழையின் நிறத்துக்கான விடை மரப்பட்டையில் இருந்தது என்பதை அவர்கள் தெரிந்துகொள்வதே பெரிய பாடம்.

பறக்கும் தட்டுகளுக்கு இந்தப் பெருமை கிடையாது. எங்கள் பிள்ளைகளில் பலர் முதலில் கேட்டது அதைத்தான், பண்டைக் கோயில்களை வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்ற காணொளிகளோடு சேர்த்து. நாசா அமைத்த தனிக் குழு 2023 செப்டம்பரில் தந்த அறிக்கை, இப்படிப்பட்ட காட்சிகளுக்கு வேற்றுலகத் தொடர்பு உண்டு என்பதற்குச் சான்று இல்லை, கைவசம் உள்ள தரவின் தரமும் போதாது என்றது. அந்த அறிக்கையை நம்பிக்கையாளர்கள் மூடிமறைப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். சான்று இருந்தாலும் வெற்றி, இல்லாவிட்டாலும் வெற்றி என்றால் அந்தக் கூற்று எதையும் பணயம் வைக்கவில்லை. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்களைச் செதுக்கிய கைகளின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அந்த உழைப்பை வேறு உலகத்தாருக்குத் தூக்கிக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. நான்கில் முதலாவதான இந்த வழியை நாங்கள் எடுக்கவில்லை.

மீதி மூன்று வழிகளில்தான் உண்மையான போட்டி.

ரேடியோத் தேடல் மூன்றிலும் மூத்தது. ஜுசெப்பே கொக்கோனியும் ஃபிலிப் மாரிசனும் 1959-இல் 'நேச்சர்' இதழில் ஒரு யோசனையை வைத்தார்கள்: அண்டம் முழுதும் நிறைந்திருக்கும் ஹைட்ரஜன் 1420 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, பேச விரும்பும் எந்த நாகரிகமும் அந்த அலைவெண்ணைத் தெரிந்து வைத்திருக்கும், அங்கே கேளுங்கள். அடுத்த ஆண்டே டிரேக் மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க்கில் 26 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனாவை இரண்டு விண்மீன்களை நோக்கித் திருப்பினார்: டௌ செட்டி, எப்சிலான் எரிடானி. சுமார் 150 மணி நேரம் கேட்டார். ஒன்றும் வரவில்லை. இடையில் பலமாக வந்த ஒரு துடிப்பும் வானத்தில் பறந்த விமானத்துடையது என்று ஆயிற்று. தை மாத மாலையில் விளக்கில்லாத கடற்கரையில் நின்றால் இந்த இரண்டு விண்மீன்களையும் இங்கிருந்து வெறுங்கண்ணால் காட்ட முடியும். நம் அட்சரேகைக்கு அவை நல்ல உயரத்தில் வருகின்றன.

இந்த வழியின் பலவீனம் அதன் 'இல்லை'யில் இருக்கிறது. ரேடியோத் தேடல் நடத்தும் பிரேக்த்ரூ லிசன் திட்டத்தினர் 2020-இல் 1,327 அண்மை விண்மீன்களில் தேடிய முடிவை வெளியிட்டார்கள்; குறித்த அலைவரிசையில் குறித்த வலிமைக்கு மேல் எந்தச் சமிக்ஞையும் இல்லை. இது எல்லை குறித்த தெளிவான முடிவுதான். ஆனால் எத்தனை அலைவெண்கள், எத்தனை திசைகள், எந்த நேரம் என்று விரித்துப் பார்த்தால் தேடி முடித்தது மிகச் சொற்பம். இந்தத் துறையின் முன்னோடி ஜில் டார்ட்டர், கடல் முழுவதிலும் மீன் தேடப் போய் ஒரு டம்ளர் நீரை மொண்டு பார்த்த அளவே என்று கணக்குச் சொன்னார். 2018-இல் மறுகணக்குப் போட்டவர்கள் அதை ஒரு சிறிய நீச்சல் குளமாக உயர்த்தினார்கள். முட்டத்திலோ குளச்சலிலோ யாரும் ஒரு டம்ளர் நீரைப் பார்த்துக் கடலில் மீன் இல்லை என்று சொல்லமாட்டார்கள். ஆக, இந்தத் தேடல் தோற்றுப்போனதாக அறிவிக்கும் நாள் எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 1993-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நாசாவின் இத்திட்டத்துக்குப் பணத்தை நிறுத்தியதற்குக் கேலிதான் பெரிய காரணம் என்றாலும், எதிர்த்தவர்களிடம் ஒரு நியாயமான கேள்வியும் இருந்தது.

ஆனால் இதே துறையில்தான் நான் மிக மதிக்கும் ஒழுக்கமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி 2019-இல் நம்மை அடுத்துள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியின் திசையிலிருந்து 982 மெகாஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய சமிக்ஞையைப் பதிவு செய்தது. தரவில் அதைக் கண்டெடுத்தவர் ஷேன் ஸ்மித் என்னும் கல்லூரி மாணவர். ஆன்டெனாவை விண்மீனைவிட்டு விலக்கினால் மறைந்தது, திருப்பினால் வந்தது. கொண்டாட வேண்டிய தருணம். பிரேக்த்ரூ லிசன் குழுவினர் செய்ததோ, அதைக் கொல்வதற்கான வழிகளைத் தேடியது. அதே சாயலில் பல அலைவெண்களில் வேறு சமிக்ஞைகள் இருப்பதையும், அவற்றில் பல ஆன்டெனா வேறு திசையில் இருந்தபோதும் வந்ததையும் கண்டுபிடித்து, இது பூமியின் கருவிகள் எழுப்பும் குறுக்கீடு என்று 2021-இல் தாங்களே எழுதினார்கள். பார்க்ஸிலேயே பல ஆண்டுகள் குழப்பிய இன்னொரு வகைத் துடிப்பு, ஊழியர்கள் மைக்ரோவேவ் அடுப்பின் கதவை அவசரமாகத் திறந்ததால் வந்தது என்று 2015-இல் தெரிந்தது. தன் வாழ்நாள் கனவுக்கு எதிராகவே சான்று தேடுகிறவர்களை அறிவியலுக்கு வெளியே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியரும் இந்தக் கதையைக் கேட்டபின் கொஞ்சம் இளகினார்.

எங்கள் பிள்ளைகளால் இதில் ஏதாவது செய்ய முடியுமா? சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ரேடியோ ஏற்பி ஒன்றைக் கணினியில் செருகி, தகரத்தாலோ கம்பி வலையாலோ கொம்பு ஆன்டெனா செய்தால், பால்வெளியின் ஹைட்ரஜன் ஒலியைப் பதிவு செய்யலாம். உலகெங்கும் ஆர்வலர்கள் செய்கிறார்கள். அழகான வேலை. ஆனால் அது வானியல் பயிற்சியாகுமே ஒழிய உயிரைத் தேடுவதாகாது.

அடுத்த வழி, பிற விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்களின் காற்றில் உயிரின் தடயத்தைப் பார்ப்பது. சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றும் முதல் புறக்கோளை 1995-இல் மிஷேல் மயோரும் டிடியே கெலோவும் கண்டார்கள். 2025 செப்டம்பரில் உறுதியானவற்றின் எண்ணிக்கை 6,000-ஐத் தொட்டது. விண்மீனின் குறுக்கே கோள் போகும்போது அதன் காற்றை ஊடுருவி வரும் ஒளியைப் பிரித்தால் எந்தெந்த வாயு இருக்கிறது என்று தெரியும். இந்த வழியின் 'இல்லை' நிறையச் சொல்லித் தருகிறது. 40 ஒளியாண்டு தொலைவில் உள்ள டிராப்பிஸ்ட்-1 என்ற சிறு விண்மீனுக்கு ஏழு பாறைக் கோள்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023-இல் பார்த்தபோது உள்ளே நெருங்கியிருக்கும் கோளுக்குக் கனத்த காற்றுமண்டலம் இல்லை என்று தெரிந்தது. சிறிய சிவப்பு விண்மீன்களின் சீற்றம் கோள்களின் காற்றைத் துடைத்தெறிந்துவிடுமா என்ற பெரிய கேள்விக்கு அந்த ஒரு 'இல்லை' கைகொடுத்தது.

இங்கே ஆபத்தும் உண்டு. 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கே2-18பி கோளில் டைமெத்தில் சல்ஃபைடின் அறிகுறி தெரிகிறது என்று கேம்பிரிட்ஜில் பணியாற்றும் நிக்கு மதுசூதனனின் குழு 2025 ஏப்ரலில் அறிவித்தது. இந்த வாயு நமக்குப் பழக்கமானது. கடற்கரையை நெருங்கும்போதே மூக்கில் ஏறும் கடல் வாடையில் அதற்குப் பங்கு உண்டு. கடலின் மிதவைப் பாசிகள்தாம் அதற்கு மூலம். தமிழ் நாளிதழ்கள் உள்பட எல்லோரும் உயிர் கிடைத்துவிட்டது என்ற தொனியில் தலைப்புப் போட்டார்கள். ஆனால் அந்தக் குழுவே சொன்ன புள்ளியியல் உறுதி, இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று ஏற்கக் கேட்கும் அளவுக்கு வெகுவாகக் கீழே. அதே தரவை வேறு குழுக்கள் அலசியபோது அறிகுறி இன்னும் மெலிந்தது. போதாதற்கு, உயிரே இல்லாத 67பி என்ற வால்மீனிலும் இந்த வாயு இருந்ததற்கான சான்று 2024-இல் வெளியாகியிருந்தது. வெள்ளிக்கோளின் மேகத்தில் பாஸ்ஃபீன் இருக்கிறது என்று 2020-இல் சொன்னதற்கும் ஏறக்குறைய இதே கதிதான். தரவைத் திருத்தி அளந்தபோது அளவு குறைந்தது, வாதம் இன்னும் ஓயவில்லை. இப்படி அடிபடுவது இந்தத் துறையின் நலத்துக்கு அடையாளம் என்றே சொல்வேன். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு முதல் பாடமாக இதைக் கொடுத்தால், தொலைவில் நடக்கும் வழக்கின் தீர்ப்புக்குக் காத்திருப்பதே வேலையாகிவிடும். வானமும் ஒத்துழைக்காது. இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. தொலைநோக்கி வைத்துப் பார்க்கத் தெளிந்த இரவுகள் தை முதல் பங்குனி வரைதான் நம்பிக்கையாகக் கிடைக்கும்.

இந்த வழியில் பிள்ளைகளுக்கு ஏற்ற ஒரு பகுதி இருக்கிறது. வியாழனுக்குப் போய்க்கொண்டிருந்த கலிலியோ விண்கலம் 1990 டிசம்பரில் பூமியைக் கடந்தபோது, கார்ல் சாகன் அதன் கருவிகளை நம் பக்கமே திருப்பி, பூமியில் உயிர் இருப்பதை இக்கருவிகளால் கண்டுபிடிக்க முடிகிறதா என்று சோதித்தார். ஏராளமான ஆக்சிஜன், அதனோடு சேர்ந்து இருக்கக் கூடாத மீத்தேன், சிவப்பொளியை விழுங்கும் ஏதோ ஒரு நிறமி, செயற்கையான ரேடியோத் துடிப்புகள் தெரிந்தன. விடை தெரிந்த இடத்தில் முறையைச் சோதித்தபின் விடை தெரியாத இடத்துக்குப் போவது! இதையே எங்கள் பிள்ளைகள் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் குமரி மாவட்டத்தின் மேல் செய்யலாம். ரப்பரும் வாழையும் நெல்லும் கடலும் வெறும் மணலும் அகச்சிவப்பில் எப்படி வேறுபடுகின்றன என்று பார்த்து, கீழே இறங்கிப் போய்ச் சரிபார்க்கவும் செய்யலாம்.

கடைசி வழி நம் சூரியக் குடும்பத்துக்குள் நுண்ணுயிரைத் தேடுவது. ஆசிரியரின் 'வயலுக்குப் போனால் தவளை' என்ற நிபந்தனைக்கு மிக அருகில் வருவது இது ஒன்றுதான். ஏனென்றால் இங்கே போக முடியும், தோண்ட முடியும். 1976-இல் செவ்வாயில் இறங்கிய இரண்டு வைக்கிங் கலங்களும் மூன்று உயிரியல் சோதனைகளைச் செய்தன. மண்ணுக்கு ஊட்டச்சத்து நீரைக் கொடுத்துப் பார்த்த கில்பர்ட் லெவினின் சோதனையில் வாயு வெளியேறியது, உயிர் இருந்தால் எப்படியோ அப்படி. ஆனால் மண்ணைச் சூடாக்கி, உயிர்களின் உடலுக்கு அடிப்படையான கரிமப் பொருளைத் தேடிய கருவிக்குச் செவ்வாய்க்குரியது என்று சொல்லத்தக்க எதுவும் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் மூச்சு மட்டும் எப்படி? பெரும்பாலோர் உயிர் இல்லை என்று முடிவுக்கு வந்தார்கள். 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்புகளைக் கண்டது. மண்ணைச் சூடாக்கும்போது இந்த உப்பு கரிமப் பொருளை எரித்துவிடக்கூடியது. முப்பது ஆண்டு பழைய 'இல்லை' மறுபடி மேசைக்கு வந்தது. மண்ணின் வேதியியல் தெரியாமல் உயிரியல் கேள்வி கேட்க முடியாது என்பதை அந்தத் துறை விலை கொடுத்துக் கற்றது.

அந்தக் கல்வியின் பலனை இப்போது பார்க்கிறோம். பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயின் ஜெசீரோ பள்ளத்தில் 2024-இல் கண்ட செயாவா ஃபால்ஸ் பாறையில் சிறுத்தைப் புள்ளிகள் போன்ற தடங்கள் இருக்கின்றன; பூமியில் அத்தகைய கனிமச் சேர்க்கை பெரும்பாலும் நுண்ணுயிரோடு தொடர்புடையது. 2025 செப்டம்பரில் வெளிவந்த ஆய்வு அதை 'உயிர்த்தடயமாக இருக்கக்கூடியது' என்று மட்டுமே சொன்னது. இப்படிப்பட்ட அறிவிப்புகளுக்கு நாசா அறிவியலாளர்கள் 2021-இல் ஏழு படிகள் கொண்ட ஓர் அளவுகோலை முன்வைத்திருக்கிறார்கள். முதல் அறிகுறியிலிருந்து, வேறு விளக்கங்களை ஒவ்வொன்றாக விலக்கி, தனித்தனியான சான்றுகளால் உறுதியாவது வரை. எது வந்தால் கைவிடுவோம் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்த துறை என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். சனியின் துணைக்கோள் என்செலடஸ் பீய்ச்சும் உறைநீரில் உயிருக்கு இன்றியமையாத பாஸ்பேட் இருப்பது 2023-இல் தெரிந்தது. வியாழனின் யூரோப்பாவுக்கு 2024 அக்டோபரில் கிளம்பிய கிளிப்பர் கலம் 2030-இல் போய்ச் சேரும். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அப்போது கல்லூரியில் இருப்பார்கள்.

இந்த வழியில் கையால் செய்ய என்ன இருக்கிறது என்று யோசித்தபோதுதான் என் மனம் முடிவாயிற்று. புத்தளம், சாமித்தோப்புப் பக்கம் உப்பளங்கள் இருக்கின்றன. செவ்வாயில் பழைய நீர்நிலைகள் வற்றிய இடங்களில் குளோரைடு உப்புப் படிவுகள் இருப்பதைச் சுற்றுக்கலங்கள் காட்டியிருக்கின்றன. உப்பு செறிந்துகொண்டே போகும் பாத்திகளில் வேறெதுவும் வாழாத நிலையிலும் உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் வாழும். அவை பெருகினால் நீர் இளஞ்சிவப்பாகும். உப்புப் படிகத்துக்குள் சிக்கிய நீர்த்துளியில்கூட அவை நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும். எவ்வளவு உப்பு வரை உயிர் தாங்கும், அந்த உயிரின் அறிகுறியை உயிரற்ற நிறத்திலிருந்து எப்படிப் பிரிப்பது என்ற இரண்டும் செவ்வாயை ஆராய்பவர்கள் கேட்கும் கேள்விகளே. ஓர் உப்புமானியும் ஒரு நுண்ணோக்கியும் இருந்தால் பிள்ளைகள் தொடங்கிவிடலாம். உப்பளத் தொழிலாளர்கள் பாத்தியின் நிறம் மாறுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறவர்கள். அவர்களிடம் பேசி எழுதிக்கொள்வதும் இந்த வேலையில் சேர்த்தி.

ஆகவே எங்கள் முடிவு இப்படி அமைந்தது. ஓராண்டின் பெரும்பகுதி உப்பளமும் செவ்வாயும். மழை ஓய்ந்து உப்பு விளையத் தொடங்கும் மாதங்களில் பாத்திகளுக்குப் போவது, அதுவரை வைக்கிங் சோதனைகளின் கதையை வகுப்பில் அலசுவது. விண்வெளியிலிருந்து குமரியைப் பார்க்கும் வேலை, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரிடம் துணைப்பாடமாக. ரேடியோத் தேடலுக்குத் தை மாதத்தில் ஒரு மாலை: டிரேக்கின் இரண்டு விண்மீன்களைக் காட்டி, 982 மெகாஹெர்ட்ஸ் கதையை முழுதாகச் சொல்வது. சிவப்பு மழை முதல் வாரத்துக்கே.

நுண்ணோக்கி வகுப்பை நடத்தித் தர விலங்கியல் ஆசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார், ஒரு நிபந்தனையோடு. உப்புநீரை எடுக்கப் போவதற்கு முந்தின நாளே ஒவ்வொரு பிள்ளையும் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்: என்ன கண்டால் உயிர் என்று சொல்வேன், என்ன கண்டால் இல்லை என்று ஒப்புக்கொள்வேன். நிறம் மட்டும் போதுமா, அசைவு வேண்டுமா, கொதிக்கவைத்த மாதிரியோடு ஒப்பிட வேண்டுமா என்று அவர்களே தீர்மானித்து எழுத வேண்டும். எழுதாதவர்களை உப்பளத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.